தெரு முக்குக்குத் தொட்டி வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி, ஜூன் 2, 2025

“எங்கள் தெரு முக்கில் இருந்த குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வண்டி வருகிறதாம். வண்டி வருவது உண்மைதான். அதே முக்கில் குப்பை கிடப்பதும் உண்மைதான். தொட்டியைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. இதற்கு ஏன் இத்தனை பேச்சு?” (தொண்டி வாசகர்)

ஜூன் 2, இரவு

தீராது. என் கடை ஒரு முக்கில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். பத்து வருஷம் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தவன் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டம், மன்னார் வளைகுடாப் பக்கம். அதற்கு மேல் கேட்காதீர்கள், நாளைக்கு நான் இங்கே கடை திறக்க வேண்டும்.

தொட்டி இருந்த காலத்தில் குப்பை தொட்டிக்குள் இருந்தது என்றா நினைக்கிறீர்கள்? தொட்டியைச் சுற்றித்தான் கிடந்தது. கிட்டே போனால் நாறும் என்று நாலடி தள்ளி நின்றே வீசுவார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே விழுந்ததை ஆடு முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து இழுத்து வெளியே போடும். மிச்சத்தை இரவில் நாய் பார்த்துக்கொள்ளும். உப்புக்காற்றில் தொட்டியின் அடித்தகடு இற்றுப்போய், ஒருநாள் தூக்கும்போது தொட்டி மட்டும் மேலே போனது, குப்பை அப்படியே தரையில் இட்லி மாதிரி உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத் தெருவே சிரித்தது.

காரணம் தொட்டி இல்லை. மக்களுக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 3

உச்சிப்புளிக்காரர் ஒருவர், “உங்கள் கடைக் கழிவுத் தாளை என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. போன வருஷம் வரை சாயங்காலம் கடை ஓரத்தில் கொளுத்திக்கொண்டிருந்தேன். தாளோடு லேமினேஷன் துண்டும் சேர்ந்து எரியும். திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது, எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்தது போன வருஷம். தெரிந்த பிறகும் இரண்டு தடவை எரித்தேன். இப்போது தாள் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

ஜூன் 8

நேற்று பக்ரீத். அடுத்த தெருவில் நாற்பது ஐம்பது வீடு, பாதி வீட்டில் குர்பானி. இன்று காலை அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். ஒரு எலும்புத் துண்டு கிடையாது. முந்தாநாளே ஊருக்கு வெளியே குழி வெட்டிப் போட்டிருந்தார்கள், தெருப் பையன்கள் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போய்க் கழிவை வாங்கினார்கள், மண்ணைப் போட்டு பிளீச்சிங் பவுடர் தூவி மூடியாயிற்று.

வருஷத்தில் 364 நாள் எங்கள் தெரு மாதிரியே இருக்கிற தெரு அது. அதே மனுஷர்கள்தான். அப்படியானால் நான் சொன்ன ‘பழக்கம்’ ஒரே நாளில் எங்கிருந்து வந்தது? யோசிக்கிறேன்.

ஜூன் 17

நீளமாக எழுதப்போகிறேன்.

தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு போகவில்லை, நாட்டுப்படகு மீன்தான். விலையும் அதற்கேற்ற விலை. இன்றைக்குத்தான் வரத்து. சூடை, காரல், இறால் என்று எல்லார் வீட்டு வாசலிலும் அரிவாள்மனை. மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் முக்கில் நாற்றம் தாங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பைகளை அவிழ்த்தேன். எவன் போடுகிறான் என்று கண்டுபிடித்தே தீருவது என்ற வெறி. பதினொரு பை. ஏழில் மீன் கழிவு: செதில், செவுள், குடல், இறால் தோடு. இரண்டில் குழந்தை டயப்பர். ஒன்றில் தலைமுடி, அதற்குத் துப்பறிய வேண்டியதில்லை, மூன்றாவது கடை முடிதிருத்தகம். பதினொன்றாவது பையில் மீன் குடலோடு கசங்கிய ஜெராக்ஸ் தாள், பாதி கறுப்பாக விழுந்த ஓர் ஆதார் நகல். என் கடைத் தாள். பை வாயில் போட்டிருந்த முடிச்சும் எனக்குத் தெரிந்த முடிச்சு. என் அம்மா ஒருத்திதான் கேரிபேக்கின் இரண்டு காதையும் முறுக்கி, நடுவில் விட்டு எடுத்து அப்படிக் கட்டுவாள்.

(ஆக, ஏழில்லை, எட்டு.)

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா கை கழுவிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் பிள்ளை வண்டியத் தள்ளிக்கிட்டு ஏழு மணிக்கு வந்துட்டுப் போயிருது. மீன்காரன் பத்து மணிக்கு வர்றான். கொடலை நாளைக் காலைல வரைக்கும் எங்கடா வைக்க, உன் கட்டிலுக்கு அடியிலயா?”

பதில் இல்லை. மீன் அரிந்து முடிகிற நேரம் பத்தரை. வண்டி வருவது மறுநாள் காலை ஏழு. இருபதரை மணி நேரம். இந்த ஊர் வெயிலில் இறால் தோடு இருபதரை மணி நேரம் வீட்டில் இருந்தால் வீட்டில் ஆள் இருக்க முடியாது. பக்ரீத் அன்று அடுத்த தெருவில் நடந்தது இதுதான்: கழிவு வருகிற நேரமும் அதை வாங்குகிற நேரமும் ஒன்றாக இருந்தது.

ஜூன் 2 இரவு ‘மக்களுக்குப் பழக்கம் இல்லை’ என்று எழுதிய வரியை அழிக்கவில்லை. கிடக்கட்டும். மக்கள் என்றால் எங்கள் அம்மா.

ஜூன் 18

காலையில் வண்டிக்காக வாசலில் நின்றேன். தூய்மைப் பணியாளர் அக்காவிடம் மதியம் ஒரு நடை வர முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். ஐந்தரைக்குப் போய் மஸ்டரில் (வருகைப் பதிவேடு) கையெழுத்து, ஆறிலிருந்து ஒன்பதரை வரை தெருக்கள், பிறகு கொட்டகையில் உட்கார்ந்து பிரிப்பது, முடிய ஒரு மணி. “பேட்டரி வண்டி அதுவரைக்கும் நிக்காது தம்பி, நானும் நிக்கமாட்டேன்” என்றார்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி (2026 மார்ச் வரை நடப்பில் இருந்தவை இவைதான்) வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும்: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை. மீன் குடல் மக்கும் குப்பைதான், சட்டத்துக்கு அதில் சிக்கல் ஒன்றுமில்லை. மூக்குக்குத்தான்.

அக்கா கையைக் காட்டினார். ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது. யாரோ பையில் கெளுத்தித் தலையை முள்ளோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள், கையுறையைத் துளைத்து ஏறிவிட்டது. கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு, கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முள்ளை ஒடித்துத் தனியாகத் தாளில் சுற்றிப் போட எத்தனை நேரம் ஆகும்? இதைத் தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஜூன் 20

தொண்டிக்காரர் கேட்கிறார்: “அந்தக் காலத்திலும் மீன் தின்றார்கள்தானே, அப்போது ஏன் நாறவில்லை?”

கொல்லை இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு தென்னை. அப்பத்தா மீன் கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவாள், கழிவைத் தென்னை மூட்டில் முழங்கால் ஆழம் தோண்டிப் புதைப்பாள். ஆழம் குறைந்தால் நாய் கிளறும் என்று மண்ணுக்கு மேலே கருவேல முள்ளை வெட்டிப் போடுவாள். இப்போது அந்தக் கொல்லையில் கழிவறை, தண்ணீர்த் தொட்டி, தம்பி கட்டின ஒற்றை அறை. மிச்சத்துக்கு சிமெண்ட். புதைக்கச் சாணளவு மண் கிடையாது.

இன்னொன்று: மீனை ஓலைக் கொட்டானில் வாங்கிவந்தார்கள். இப்போது மஞ்சப்பை எடுத்துவரச் சொல்கிறார்கள், 2021 டிசம்பரிலிருந்து அரசு நடத்துகிற இயக்கம், நல்ல விஷயம். ஆனால் மஞ்சப்பையில் சூடை வாங்கியவன் அந்தப் பையில் அடுத்த நாள் பூ வாங்க முடியாது. மீனுக்குத் தூக்குவாளிதான் சரி, அதை யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? அதனால்தான் 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை இருந்தும் மீன்காரன் வண்டியில் கேரிபேக் கட்டு தொங்குகிறது.

ஜூன் 24

மீன் அமிலம் போட்டிருக்கிறேன். இயற்கை விவசாயம் செய்கிற நண்பன் சொல்லித்தந்தது: ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை, கலந்து மூடி நிழலில் வைத்தால் 21 நாளில் தேன் மாதிரி ஆகிவிடும், லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி விட்டுச் செடிக்குத் தெளிக்கலாம். நாற்றம் வராதாம், பழ வாசனை வருமாம். பெயிண்ட் வாளி ஒன்று கிடைத்தது. மாடியில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் 26

தெரியும்.

ஜூன் 29

மீனை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்து ஆட்டுகிறது. நேற்று கூட்டின தெருவில் இன்று காலையில் இருபது கேரிபேக். ஒன்றும் எங்கள் தெருவுடையது இல்லை, கடற்கரை வெளியிலிருந்து பறந்து வந்தவை. தெருவின் கீழ்க்கோடியில் காலி மனை, அதைச் சுற்றிச் சீமைக்கருவேலம். பறக்கிற பை எல்லாம் அந்த முள்ளில் மாட்டிக்கொண்டு விடிய விடியப் படபடக்கிறது.

இதில் ஒரு வசதி உண்டு. இந்த மூன்று மாதம் தெருவைக் கூட்டுவதைவிட அந்த முள்வேலியில் மாட்டின பைகளைப் பறிப்பது சுலபம். காற்றே கூட்டிக்கொண்டு போய் ஓர் இடத்தில் கோர்த்து வைக்கிறது, தொரட்டிக் கம்பு ஒன்று இருந்தால் அரை மணி நேர வேலை. ஐப்பசியில் வாடை திரும்பினால் இதே பைகள் வந்த வழியே கடலுக்குப் போகும். அதற்குள் பறித்தாக வேண்டும். எதிரே கிடப்பது மன்னார் வளைகுடா, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த 21 தீவும் அந்தப் பக்கம்தான். கடலாமை தின்றால் கேரிபேக்கா சொறியா (ஜெல்லிமீன்) என்று அதற்குத் தெரியாது.

வேலியில் எது மாட்டுகிறது, எது மாட்டவில்லை என்றும் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் இல்லை, அட்டை இல்லை, பீர் பாட்டில் இல்லை. விலை போகிறதெல்லாம் யாரோ பொறுக்கிவிடுகிறார்கள். ஷாம்பு பாக்கெட், பான் பாக்கெட், கேரிபேக்குக்கு ஒரு பைசா கிடையாது, அதனால் அதது அங்கங்கே. நீலகிரியில் 2022-லிருந்து மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய். காட்டில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில் பத்து ரூபாய்க்காகக் கடைக்குத் திரும்பியது. ஷாம்பு பாக்கெட்டுக்கு ஐந்து பைசா வையுங்கள், எங்கள் தெருப் பையன்கள் கருவேல மரத்தில் ஏறிவிடுவார்கள்.

ஜூலை 2

முக்குச் சுவரில் சாமி படம் ஒட்டலாமே என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். ஒட்டியாயிற்று, 2017-லேயே. பிள்ளையார், மாதா, பிறை என்று ஒரே வரிசையில் மூன்று டைல்ஸ். சுவரில் ஒன்றுக்கு இருப்பது நின்றது, அதை மறுக்கவில்லை. குப்பையை மட்டும் இரண்டடி தள்ளி, சாமி பார்வை படாத இடத்தில் போடுகிறார்கள்.

கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் ஜெராக்ஸ் எடுக்க வந்த தாளில் பார்த்தது: நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்தில் சைக்கிள்களின் கைப்பிடியில் விளம்பரத் தாளை மாட்டிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது தாளைக் கீழே போட்டவர்கள் நூற்றுக்கு 33 பேர், சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 பேர். 2008-இல் வெளிவந்த ஆய்வு. எங்கள் முக்கில் முதல் பை பத்தரைக்கு விழுகிறது, பதினொன்றரைக்கு ஏழாவது. முதல் பை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்போலிருக்கிறது.

ஜூலை 6

முதல் பையைத் தடுக்க ஆள் பிடித்தாயிற்று. மீன்காரர்தான்.

எக்ஸெல் வண்டியில் பெட்டி கட்டி வருகிறவர், முக்கில்தான் ஹாரன் அடித்து நிறுத்துவார். “அண்ணே, நீங்களே அரிஞ்சு குடுத்துட்டா என்ன?” என்று கேட்டேன். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூலி கேட்டார், கொடுக்க ஒத்துக்கொண்டோம். பலகையும் கத்தியும் அவருடையது. தண்ணீர் என் கடைக் குழாயில். கழிவு அவருடைய இரண்டாவது பெட்டியில். கெளுத்தி முள்ளை முதல் வெட்டிலேயே ஒடித்துவிடுகிறார், பார்க்கவே அழகு. தெருவில் கடை போடுகிறவர்கள் தங்கள் கழிவுக்கு ஒரு பாத்திரம் வைத்திருக்க வேண்டும் என்று 2016 விதியிலேயே இருக்கிறது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். “பாத்திரம் இருக்கு, வீடு வரைக்கும் நாறுமே, அதுக்கு விதியில என்ன இருக்கு?” என்றார்.

அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. அவர் அரிந்தால் காரல் தலையை எறிந்துவிடுகிறாராம், சொதியில் ருசியே அந்தத் தலையில்தானாம். அவளுக்கு மட்டும் முழு மீன். ஒரு வீட்டுக் கழிவுதானே, அதற்கும் ஒரு மூடி போட்ட வாளி வைத்து, மீன்காரர் கிளம்புவதற்குள் கொடுத்துவிட ஏற்பாடு.

மூன்று நாளாக முக்கில் மீன் பை இல்லை. டயப்பர் இருக்கிறது. அதற்கு வழி தெரியவில்லை.

ஜூலை 12

மீன் அமிலம். இன்றைக்குப் பதினெட்டாவது நாள். மூடியை நான் இறுக்கி அடித்துவிட்டேன், அவ்வப்போது திறந்து காற்றை விட வேண்டும் என்பதை நண்பன் சொல்லவில்லை. அவன் சொன்னதாகச் சொல்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு மாடியில் டமார். காலையில் போய்ப் பார்த்தால் ஊர்ப் பூனை முழுக்க எங்கள் மாடியில் மாநாடு. பழ வாசனை வரும் என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 13

நேற்று சிரித்ததெல்லாம் போயிற்று. ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது.

விண்ணப்ப வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போனேன். ஊர் எல்லையில் ஓடைப் பாலம், மழைக்காலத்தில் தண்ணீர் கடலுக்குப் போகிற ஓடை. பாலத்துக்கு அடியில் காகம் கூட்டம் கூட்டமாக. எட்டிப் பார்த்தேன். செதில், குடல், செவுள். மேலே கிடந்த காரல் தலைகளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஜூலை 6 அன்று நான் சந்தோஷமாக எழுதினேனே, அது அத்தனையும் இங்கேதான் இருந்தது. எங்கள் தெரு சுத்தமாக இருந்தது, வாஸ்தவம். தெருவின் முக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம்.

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று நாங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணில் படவில்லை, அது போதும் என்று இருந்துவிட்டோம்.

ஜூலை 16

உச்சிப்புளி வாசகரே, உங்களுக்குக் கோடி நன்றி. தென்னந்தோப்புக்குக் கழிவு வேண்டும், தினம் வந்தாலும் சரி என்று நீங்கள் எழுதியதை மீன்காரரிடம் காட்டினேன். அவர் திரும்புகிற வழியிலேயே தோப்பு ஒன்று இருக்கிறது, அங்கே பேசி முடித்துவிட்டார். தோப்புக்காரர் மரத்துக்கு மரம் குழி வெட்டி வைத்திருக்கிறார், கொட்டினதும் மண் தள்ளிவிடுகிறார். தினமும் இருபது ரூபாய் மீன்காரர் கைக்கு வருகிறது. அப்பத்தாவின் தென்னை மூடு, கொஞ்சம் தூரத்தில்.

நாங்கள் நாலு பேர் போய் ஓடைப் பாலத்தடியை வாரினோம். போட்டது எங்கள் தெருதானே.

ஜூலை 25

நேற்று ஆடி அமாவாசை. மாமாவுக்குத் திதி கொடுக்க இராமேஸ்வரம் போயிருந்தேன். அக்னி தீர்த்தத்தில் இறங்க இடமில்லை. குளித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை அங்கேயே கடலில் விட்டுவிட்டு ஏறுகிறார்கள், தோஷம் கழியுமாம். காலில் ஒரு சேலை சுற்றி நான் விழப் பார்த்தேன். இரண்டு தூய்மைப் பணியாளர்கள் கொக்கிக் கம்பால் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நனைந்து மண் ஏறின சேலை என்ன கனம் கனக்கும் என்று ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. இந்தப் பக்கத்தார் அக்னி தீர்த்தக் கடலைப் பெண் கடல் என்பார்கள், அலை அடங்கியே இருக்கும். அதனால் துணி எங்கேயும் போகாது. விட்ட இடத்திலேயே கிடக்கும்.

தொட்டி வைத்திருக்கிறார்களே என்று தொண்டிக்காரர் கேட்பார். கரையில் வைத்தால் ஈரத்துணியோடு ஏறி வந்து போட வேண்டும். விடுகிற இடம் தண்ணீர் என்று நம்புகிறவர் கரைக்கு ஏன் கொண்டுவருவார்? அவருக்கு வேறு பதில் வேண்டும், எனக்கு அது தெரியவில்லை. நான் என் வேட்டியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உடன் வந்த சித்தப்பா வழி முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 3

சின்னக் குறிப்பு. தெருவில் ஒரு காதுகுத்து. நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று அதே 2016 விதி. சொல்லிப் பார்ப்போமே என்று வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். வாங்கிய எழுத்தர் நாங்கள் பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஆனால் காதுகுத்து அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வந்தது, இலை எல்லாம் போயிற்று. எழுத்தரும் சாப்பிட வந்தார்.

ஆகஸ்ட் 10

தொண்டிக்காரர் அவருடைய முக்கில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மீனே இல்லையாம். இரவு ஒன்பதரைக்கு மேல் பரோட்டாக் கடை மூடும்போது விழுகிற சால்னாக் கவரும் இலையும்தானாம். “அப்படியென்றால் எனக்குத் தொட்டி வேண்டும்தானே?” என்று மறுபடியும் கேட்கிறார். ஒன்பதரைக்குக் கடைக்காரரே ஒரு டிரம் வைத்துக் காலையில் வண்டிக்குக் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வைக்க மாட்டார் என்று உங்களுக்குத் தோன்றினால், சரி, தொட்டி வையுங்கள். ஜூன் 2 அன்று ‘தீராது’ என்று அடித்துச் சொன்னது என் முக்கைப் பார்த்துவிட்டு.

இங்கே காற்று ஐந்து நாளாக ஓயவில்லை, படகு போகவில்லை, மீன்காரரும் வரவில்லை. முக்கு துடைத்த மாதிரி இருக்கிறது. எங்கள் ஏற்பாட்டாலா, மீன் இல்லாததாலா என்று படகு திரும்பினால்தான் தெரியும். அம்மா கருவாடு எடுத்துவிட்டாள். வாளியைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.